அந்தியேட்டிக்குக் கொடுத்த நாவல்

செத்தவீட்டு நினைவுப் புத்தகத்தை என்ன செய்வதென்று வெள்ளவத்தைச் சனத்துக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து, கை கழுவி, பலகாரப் பையோடு சேர்த்து அதை வாங்குவார்கள். அட்டையிலுள்ள படத்தைப் பார்த்து "நல்ல மனிசன், பாவம்" என்பார்கள். வீட்டுக்குள்ளே கொண்டுபோக மனம் வராமல் காரின் பின்சீற்றிலோ சப்பாத்துத் தட்டின் மேலோ வைப்பார்கள். பிறகு அது எங்கே போனதென்று வாங்கினவரும் சொல்வதில்லை, கொடுத்தவரும் கேட்பதில்லை. தவமலர் மட்டும் கேட்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? அவள் கொடுத்தது தேவாரத் திரட்டில்லை. ஒரு காதல் நாவலின் இரண்டாம் பாகம். அதுவும் சிரிப்பு நாவல்.

அவளுடைய மனிசன் சிவபாதசுந்தரம் கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர். அதுவரைக்கும் ஒரு கலியாண வாழ்த்துக்கூட எழுதியறியாத ஆள். அவர்கள் இருந்த கடற்கரைப் பக்கத்து ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காய்க் கிடந்தது. நாலாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி இறங்கினவர் திடீரென்று ஒரு நாள் குந்தியிருந்து எழுதத் தொடங்கினார். 'லிஃப்ட் வேலை செய்யாது' என்று பெயர். ஆறாம் மாடிச் சொக்கன், மூன்றாம் மாடிப் பவானியின் தாய்க்கு காஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுத்துக் கொடுத்தே பவானியோடு காதலை வளர்க்கிற கதை. கடைசியில் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டுதான் "என்னைக் கட்டுவீரோ?" என்று கேட்பான். கதை அவ்வளவுதான். ஆனால் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கனடா வரைக்கும் போனது. மூன்று தரம் அச்சடித்தார்கள்.

வாசித்தவர்கள் டெலிபோன் எடுப்பார்கள். அவர் சாப்பிடுகிற கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். "நல்லாயிருக்கு ஐயா" என்றால் அந்த மனிசனுக்குப் போதாது. "எந்த இடத்தில சிரிச்சனீங்கள்? அதைச் சொல்லுங்கோ" என்று நச்சரிப்பார். இடம் சொன்னால் முகம் மலரும். சொல்லாவிட்டால், "இவர் வாசிக்கேல்லையப்பா, சும்மா கதைக்கிறார்" என்று சோற்றைப் பிசைவார்.

இரண்டாம் பாகத்துக்கு 'லிஃப்ட் திருத்தியாச்சு' என்று பெயர் வைத்தார். எழுதும்போது தவமலர் எட்டிப் பார்த்தால் கடதாசியைக் கவிழ்த்துவிடுவார். "அச்சில வரட்டும். நீரும் ஒரு வாசகர்தானே, பொறுத்திரும்" என்பார். கடைசிப் புரூஃபைத் திருத்திக் கொட்டாஞ்சேனையில் ரொனியின் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து வந்து, பிளேன்டீ கேட்டார். தவமலர் தேயிலை போட்டுக்கொண்டு வருமுன்னம் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு கடமைக்குத்தான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு தவமலர் மகள் மிதுனாவையும் கூட்டிக்கொண்டு ரொனியின் பிரஸ்ஸுக்குப் போனாள். ரொனி வருசம் முழுக்க நினைவு மலர்தான் அடிக்கிறவன். கொழும்பில் செத்த தமிழரில் பாதிப்பேரின் படம் அவன் கம்பியூட்டரில் இருக்கும். அன்றைக்கும் மேசையில் யாரோ ஒரு அம்மா தாள் தாளாய்ச் சிரித்துக்கொண்டிருந்தா.

"சொல்லுங்க அக்கா. வழமையான மாதிரியே? முன்னுக்குப் படம், வாழ்க்கை வரலாறு, சிவபுராணம், கல்வெட்டுப் பாட்டு, நன்றி. கலர் அட்டை போடுவமா?"

"ரொனி, அவரின்ரை நாவல் இருக்கெல்லே. அதையே அடியுங்கோ."

"அதை அடிப்பமக்கா. ஆறு மாசம் போகட்டும். ஹோல் எடுத்து வெளியிடுவம்."

"இல்லை. முப்பத்தொண்டுக்கு அதைத்தான் குடுக்கப்போறன். முன்னுக்குப் படத்தைப் போடுங்கோ, வரலாறு ஒரு பக்கம், தேவாரம் ஒண்டு. பிறகு நாவல்."

ரொனி மிதுனாவைப் பார்த்தான். மிதுனா நிலத்தைப் பார்த்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. சாவு வீட்டுப் புக்குக்குள்ள பகிடிக் கதை சரிவராது. நான் இந்தத் தொழில்ல கனக்கப் பார்த்தவன். ஆக்கள் பிரிக்கவே மாட்டாங்க."

"அவரின்ரை புத்தகத்தைப் பிரிக்காத ஆக்கள் ஆர் ரொனி? முந்தின பாகத்தை இரவல் கேட்டே எத்தினை சனம் வந்தது!"

"அம்மா, அன்னபாக்கியம் மாமி என்ன சொல்லுவா எண்டு யோசிச்சீங்களே?" என்றாள் மிதுனா. "அவ கல்வெட்டுப் பாட்டுக்குப் பண்டிதரோட கதைச்சும் போட்டா."

"மாமி அழப் பாட்டு எழுதுவிக்கட்டும். உங்கட கொப்பர் ஆக்களைச் சிரிக்க வைக்கவெண்டு எழுதினவர். அந்தியேட்டிக்கு வாற அவ்வளவு பேரும் அவரைத் தெரிஞ்சவை. ஒரே நாளில அவ்வளவு பேரும் வாசிப்பினம். அவர் கேக்கிறதுக்குத்தான் இல்லை, நானாவது கேக்கிறன்."

இந்த ஒரு நினைப்புத்தான் அவளைக் கொண்டு திரிந்தது. ரொனி தலையைச் சொறிந்தான், ஆனாலும் அடித்துக் கொடுத்தான்.

அந்தியேட்டியன்று காக்கைதீவில் கடல் கறுத்துக் கிடந்தது. கிரியை முடிந்து ஹோலுக்கு வந்தால் இலையில் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் வடையும் பாயாசமும். சனம் சாப்பிட்டுக் கை கழுவியது. வாசலில் தவமலரே நின்று புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது "வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ" என்றும் சொன்னாள். செத்தவீட்டில் ஆரும் அப்படிச் சொல்வதில்லை. வாங்கினவர்கள் விழித்தார்கள்.

சிவபாதசுந்தரத்தின் தமக்கை அன்னபாக்கியம் ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்தவ, ஹோல் படியிலேயே புத்தகத்தைப் பிரித்துவிட்டா. தேவாரம் ஒரு பக்கத்தோடு நிற்க, அடுத்த பக்கத்தில் சொக்கன் குளியலறையில் சவர்க்காரம் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

"இதென்னடி தவம்?"

"அவரின்ரை நாவல் மச்சாள். ரெண்டாம் பாகம்."

"என்ரை தம்பி செத்து முப்பத்தொண்டு. நீ சனத்துக்குச் சவர்க்காரக் கதை குடுக்கிறாய்! பண்டிதர் அருமையா வெண்பா எழுதித் தந்தவர். அதை எங்கை போட்டாய்?"

"அவருக்கு வெண்பா விளங்காது மச்சாள்."

"செத்தவனுக்கு விளங்கவேணுமெண்டே வெண்பா பாடுறது? சனம் என்ன கதைக்கும்? புருசன் போன சந்தோசத்தில பகிடிப் புத்தகம் அடிச்சவள் எண்டெல்லே கதைக்கும்!"

அன்னபாக்கியம் பலகாரப் பையை வாங்காமல் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினா. அதோடு அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது. தவமலருக்கு அது பெரிதாய்ப் படவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

ஃபோன் அடித்தது. அடிக்காமலில்லை. ஆனால் வந்ததெல்லாம் என்ன?

"அம்மா, புத்தகம் கிடைச்சது. மிகவும் அருமை. ஐயாவின்ரை ஆத்மா சாந்தியடையவேணும்."

"எந்த இடத்தில சிரிச்சனீங்கள்?"

"சிரிக்கிறதோ? என்னம்மா நீங்கள், கண்ணீரெல்லோ வந்தது."

ஒரு ரிட்டயர்ட் பிரின்சிப்பல் நெடுநேரம் கதைத்தார். "பகிடிபோல எழுதியிருக்கிறார், ஆனால் உள்ளுக்குப் பெரிய தத்துவம். மாடிப்படி எண்டது என்ன? சரியை, கிரியை, யோகம், ஞானம். நாலு படி. மனிசன் தன்ரை முடிவை அறிஞ்சுதான் எழுதியிருக்கிறார்" என்றார். கனடாவிலிருந்து ஒரு பிள்ளை, சவர்க்காரம் வழுக்கின இடத்தை வாசித்து விம்மி விம்மி அழுததாக வொய்ஸ் போட்டாள். நினைவுக் கூட்டமொன்று வைத்தார்கள். பேசின ஆறேழு பேரும் தழுதழுத்தார்கள். ஒருத்தராவது பல்லைக் காட்டவில்லை. சிவபாதசுந்தரம் அதைக் கேட்டிருந்தால் இன்னொருதரம் செத்திருப்பார்.

தவமலருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அட்டையில் மாலை போட்ட படம். அதற்குக் கீழே மலர்வும் உதிர்வும். அதைத் தாண்டிப் போய் யார் சிரிப்பார்கள்? சிரிப்பு வந்தவர்களும் பாவமென்று அடக்கியிருப்பார்கள். ரொனி சொன்னது சரி, மச்சாள் ஏசினதும் சரி. ஆறு மாசம் பொறுத்திருக்கலாம். அந்த மனிசனின்ரை கடைசிப் பகிடியைத் தன் கையாலேயே பாடையில் ஏற்றிவிட்டேனே என்று அவள் சமையலறையில் நின்று தலையிலடித்துக்கொண்டாள். அவளுமே இன்னும் வாசிக்கவில்லை. அட்டையைத் திறந்தால் படம் பார்க்கிறது. தேவாரத்தோடு மூடி வைத்துவிடுவாள்.

கடைசியில் அவள் ஃபோனை எடுப்பதையே விட்டாள். மிதுனாதான் எடுப்பாள். எடுத்து எடுத்து அவளுக்கும் ஒரு வசனம் பாடமாகிவிட்டது.

பௌர்ணமிப் போயா நாள். விடிந்ததிலிருந்து மழை. பின்னேரம் கொஞ்சம் வெளித்தது. ரயில் போகிற சத்தமும் கடல் இரைகிற சத்தமும் ஒன்றாய்க் கேட்டன. மிதுனா அறைக்குள் லீவில் படுத்திருந்தாள். தவமலர் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் ஒரு முஸ்லிம் பிள்ளை. முப்பத்தைந்து வயசிருக்கும். கறுப்பு அபாயா, நனைந்த குடை, கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா. நாலு மாடி ஏறின மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எழுத்தாளர் சிவபாதசுந்தரம் ஐயாட ஊடு இதுதானே? ஈக்காரா?"

இருக்கிறாரா என்று ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலம்!

"என்ன விசயம் பிள்ளை?"

"நான் மர்லியா. மாளிகாவத்தையிலீந்து வாறன், தையல் வேல. அவரோட கொஞ்சம் சண்ட புடிக்கணும்." கையிலிருந்த ஷொப்பிங் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டை இல்லை. படம் இல்லை. வரலாறும் தேவாரமும் கிழிந்த இடத்தில் நூல் தொங்கியது. நேராய் முதலாம் அத்தியாயம்.

"இது எங்கால?"

"ஹெவ்லொக் டவுன்ல ஒரு மேடத்துக்கு பிளவுஸ் தைக்கிற. வயசான மேடம். பழைய பேப்பரோட கட்டி வெளிய போட்டீந்தாங்க. பேஜ் மேல லிஃப்ட்டுண்டு பேரப் பாத்ததும் உசிரே வந்திச்சு. முதலாவத நான் நாலு வாட்டி வாசிச்ச, ஆன்ட்டி! எடுக்கவாண்டு கேட்ட. கொண்டு போண்டாங்க. முன்னுக்கு பேஜ் இல்ல, பின்னுக்கு அட்ரஸ் ஈந்திச்சு, வந்துட்டன்."

மச்சாள் தம்பியின் படத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக்குப் போட்டிருக்கிறா. தவமலருக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்தாலும், அந்தப் பிள்ளையின் கையிலே ஒரு நாவல், வெறும் நாவல், இருப்பதையும் கண்டாள். உள்ளே விளக்கெரிகிறது, படத்தில் மாலை தொங்குகிறது. கதவை மெதுவாய்ச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ளுக்கு ஒரே சாமான் பிள்ளை. இதில இருப்பம். அவர்... வெளிய போயிட்டார். என்னட்டைச் சொல்லுங்கோ."

படியில் இருந்தார்கள். முருங்கையிலை இன்னும் தவமலரின் கையிலேயே இருந்தது.

"இந்தப் படிதானா, சொக்கன் சிலிண்டர் தூக்கினது? அதப் பாக்கத்தான் லிஃப்ட்ல வராம நடந்து வந்த." மர்லியா படியைத் தடவிப் பார்த்தாள். பிறகு நினைவு வந்தவளாய்க் குரலை உயர்த்தினாள். "ஆனா ஆன்ட்டி, உங்கட ஹஸ்பண்டுக்கு மனசாட்சி ஈக்கா? முதலாவது புத்தகத்துல அந்த ரெண்டுபேரும் படியில நிண்டு பேசின பேச்சென்ன, சிரிச்ச சிரிப்பென்ன! இதுல லிஃப்ட்ட திருத்தினதுதான் தாமதம், மூஞ்சக்கூடப் பாக்குறல்ல. அவர் லிஃப்ட்ல போறாரு, இவ படியில வாறா. கலியாணம் முடிச்சா பேச்சு நிண்டுருமா? எங்கட தையல் கடைல மூணு பேருக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டின. மூணு பேரும் கொதிச்சுப் போயீக்காங்க. 'இந்தாளு பொண்டாட்டியோட கோவத்துல எழுதினது'ண்டு ஒருத்தி செல்றா."

"அப்பிடியே சொன்னவ?"

"ஓ! அதோட அந்தப் பவானிய கண்டிக்கு அனுப்பிட்டு, மனுசன் தனியச் சோறாக்குறாரே, அந்த இடம்..." மர்லியாவுக்கு ஏசவந்தது மறந்து போயிற்று. வாயைப் பொத்தினாள். "சொதிக்குப் பால் புழிஞ்சு, சக்கைய சட்டிக்குள்ள போட்டுட்டு, பால சிங்க்ல ஊத்திட்டாரு! பொறகு சிங்க்குக்குள்ள கைய வச்சு அள்ளப் பாக்குறாரு! எனக்கு சிரிச்சு சிரிச்சு ஊசி வெரல்ல ஏறிட்டு, பாருங்க."

விரலைக் காட்டினாள். சின்னப் பிளாஸ்டர். தவமலருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்து குபுக்கென்று சிரிப்பு வெடித்தது. அது நடந்த கதை. அவள் கண்டி போன கிழமை அவர் அப்படியேதான் செய்தார். வந்து கேட்டபோது தேங்காய் பழுதென்று பொய் சொன்னார். "அவர்தான்! அவரேதான் பிள்ளை, பாலை ஊத்தினவர்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பெண்களும் படியில் இருந்து சிரித்த சிரிப்புக்கு மூன்றாம் மாடிக் கதவொன்று திறந்து மூடியது. அந்தியேட்டி முடிந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சிரிக்காதீங்க ஆன்ட்டி, எனக்கு இன்னும் கோவம் போகல." மர்லியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசிப் பக்கத்துக்குத்தான் நான் வந்த. சொக்கன் ஆறாம் மாடில லிஃப்ட்டுக்கு முன்னால நிக்கிறாரு. லிஃப்ட் கீழீந்து வருது. மூணு, நாலு, அஞ்சு... ஆறுல நிக்கிது. கதவு தொறக்க முன்னுக்கு முடிச்சுட்டாரு! முற்றுமாம்! உள்ளுக்க ஈக்கிறது பவானியா, பால்காரனா? இப்பிடி ஒரு மனுசர் செய்வாரா? மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல."

"நீங்கள் சொன்னதையெல்லாம் நான் அவரிட்டைச் சொல்லுறன் பிள்ளை. ஏசுங்கோ, இன்னும் ஏசுங்கோ."

"நீங்க செல்ல மாட்டீங்க. ஹஸ்பண்டுக்கு ஏச்சு உழுமுண்டு மறச்சிருவீங்க. பின்னுக்கு நம்பர் ஈக்கி. நானே கேக்குறன்." சொல்லும்போதே ஃபோனில் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை..."

சாத்தின கதவுக்குப் பின்னால் ஃபோன் அடித்தது.

"ஊட்டுக்குள்ளதானே அடிக்கிது! ஆள ஒளிச்சா வச்சீக்கீங்க?" மர்லியா சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். தவமலர் கையை நீட்டினாள். முருங்கையிலைதான் கொட்டியது.

"வணக்கம்." மிதுனாவின் குரல் ஃபோனிலும் கதவுக்குப் பின்னாலும் ஒன்றாய்க் கேட்டது. "நான் அவரின்ரை மகள் கதைக்கிறன். அப்பா காலமாயிட்டார். உங்கட அன்புக்கும் ஆறுதலுக்கும் நன்றி."

வைத்துவிட்டாள். மர்லியா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ ஓதினாள். பிறகு கிழிந்த பக்கங்கள் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"மவுத்தாகிட்டாரா?"

"ஓம் பிள்ளை. புத்தகம் அடிக்க முன்னமே."

இனி இவளும் அந்த வார்த்தைகளைச் சொல்லப்போகிறாள் என்று தவமலர் பயந்தாள். அருமையான புத்தகம், ஆழமான கருத்து, நல்ல மனிசன். கிடைத்த ஒரு வாசகியும் போனாள். பொய் சொன்னதற்காவது கோபிக்கமாட்டாளா என்று பார்த்தாள்.

மர்லியாவின் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது அதொன்றுமில்லை.

"அப்ப லிஃப்ட்டுக்குள்ள ஈந்தது யாருண்டு இனி நான் யாருட்ட போய்க் கேக்குற, ஆன்ட்டி? உங்களுக்குத் தெரியுமா? உங்ககிட்டயாவது செல்லீப்பாரே!"

தவமலர் யோசித்தாள். எழுதும்போது கவிழ்த்து வைத்த கடதாசி. அச்சில வரட்டும் என்றது. முப்பத்தைந்து வருசம் ஒரே வீட்டில் இருந்த மனிசன், எதைக் கேட்டாலும் பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்லுகிற மனிசன். கேட்டுவிட்டு வந்து சொல்லுகிறேன் என்று எழும்பக்கூடப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாது பிள்ளை" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவர் செத்துப்போனது அவளுக்கு முழுசாய் விளங்கியது. செத்தவீட்டிலும் காக்கைதீவிலும் வராத அழுகை அப்போது வாய்விட்டு வந்தது. மிதுனா பதறிக் கதவைத் திறந்தாள். மர்லியா புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுத் தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.